பத்தொன்பது மரங்களும் என் இடது கையும்

நினைவுக் குறிப்புகள் – 14

"வமதின்த கபன்னெ?"

இடது கையாலா வெட்டுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார் அவர். காக்கிக் கால்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, அட்டை ஏறாமலிருக்க அதன்மேல் தேய்த்த சோப்பு. கையில் கூரான ஓர் இரும்பு ஊசி. ரப்பர் மரங்களின் வெட்டைப் பரிசோதிக்க வெளியிலிருந்து வந்திருந்த ஐயா.

நான் வாயைத் திறப்பதற்குள் எங்களை வேலை வாங்கும் சின்னையா கங்காணி குறுக்கே வந்துவிட்டார். "நே மாத்தயா, நே, நே!" என்று, இல்லை ஐயா என அவரிடம் தலையை ஆட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, "வாயத் தொறக்காத புள்ள" என்று பல்லைக் கடித்தார்.

பொழுது விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. மரத்தில் கட்டியிருந்த சிரட்டைக்குள் பால் சொட்டிக்கொண்டிருந்தது. என் கையில் கத்தி. அது எந்தக் கையில் இருந்தது என்பது அந்த ஐயாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி நின்றவர் கங்காணி ஒருவர்தான்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நிழலில் நிற்கிற வேலையாம்!

அரநாயக்க பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த நான், ருவான்வெல்லைக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கொழுந்துக் கூடை சுமந்த உங்களுக்கு ரப்பர் வேலை ஓய்வு மாதிரி இருந்திருக்குமே? நிழலில் நின்று மரத்தைக் கீறுவதுதானே?"

முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐயா, நிழல் உண்டு. அந்த நிழலில் அட்டையும் உண்டு, கொசுவும் உண்டு, காலுக்கடியில் சருகு நகர்ந்தால் அது காற்றா பாம்பா என்று நின்று பார்க்க நேரமில்லாத அவசரமும் உண்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் முதல் வெளிச்சம் வரும்போதே முதல் மரத்தடியில் நிற்க வேண்டும். ஓர் ஆளுக்கு முந்நூறு மரத்துக்குக் குறையாது. அதுவும் சமதரையிலா? ஒரு மரம் தலைக்கு மேலே, அடுத்தது காலுக்குக் கீழே.

அத்தனையும் வெட்டி முடித்து, மறுபடியும் முதல் மரத்துக்கு வந்து, சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து வர வேண்டும். என் பக்கத்து நிரையில் வெட்டிய சோமாவதி, கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிறவள், ஒருநாள் வாளியோடு சறுக்கிவிட்டாள். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது தோள் எலும்பு விலகிக் கிடந்தாள். ஆனால் வாளி நேராக நின்றது. அதை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி வைத்திருந்தாள். "பால் கொட்டிச்சா பாரு நங்கி" என்பதுதான், என்னை எப்போதும் தங்கச்சி என்றழைக்கும் அவள் கேட்ட முதல் கேள்வி. இரண்டு மாதத்தில் திரும்பி வந்து அதே சரிவில் இறங்கினாள். அந்தச் சறுக்கலைப் பற்றி யாராவது கேட்டால் மழையைத்தான் திட்டுவாள்.

சுமப்பதும் ஏறுவதும்கூடப் பழகிவிடும். வெட்டு பழகாது. ரப்பர் மரத்தில் பால் இருப்பது பட்டையில். அதிலும் தடியை, அதாவது உள்ளே இருக்கிற கட்டையை, ஒட்டிய உள்பட்டையில்தான் நிறைய இருக்கிறது. கத்தி ஆழம் போகாவிட்டால் பால் வராது. ஒரு மயிரிழை ஆழம் கூடினால் தடியைத் தொட்டுவிடும். அதற்குப் பெயர் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது, முண்டும் முடிச்சுமாகப் புடைத்துப் போகும். அந்த மயிரிழையை ஒரு காலையில் முந்நூறு தடவை, அரை இருட்டில், கைவிரலாலேயே உணர்ந்து வெட்டுகிறவர்கள் நாங்கள். கீறுவதாம்!

சரி, கோபம் தீர்ந்தது. கதைக்கு வருகிறேன்.

புகைக்காம்பரா

என் கணவர் வேலு தோட்டத்துப் புகைக்காம்பராவில் வேலை செய்தார். பாலை உறைய வைத்து, தகடாக உருட்டி, கம்புகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை போடுகிற கட்டடம் அது. நெருப்பு அணையவும் கூடாது, கொழுந்துவிட்டு எரியவும் கூடாது. அவர் நாள் முழுக்க உள்ளே போவதும் தகடுகளை இடம் மாற்றுவதும் விறகைத் தள்ளுவதுமாக இருப்பார். பொறுமைசாலி. அந்தப் பொறுமைதான் அவரைக் கெடுத்தது. வேறு யாராவதாக இருந்தால் எப்போதோ சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள்.

நான் வந்த இரண்டாம் வருடம் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண் எப்போதும் சிவந்தே இருக்கும். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த மனுசன் இன்னும் ரெண்டு வருசம் பொகைக்குள்ள கெடந்தா, அப்புறம் எங்கிட்ட கூட்டிக்கிட்டு வராதீங்க. நான் பாத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல."

வெளியே வந்தால் அவருக்குக் கிடைக்கிற வேலை புல்வெட்டு. பெண்கள் செய்கிற வேலை, நானும் அதில்தான் இருந்தேன். அதுவும் கிழமைக்கு இரண்டு நாளோ மூன்று நாளோதான். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட புதிது. கடையில் மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலம். இரண்டு பேரும் புல்வெட்டை நம்பி உலை வைக்க முடியாது.

பால் வெட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் என் பெயர் நிரந்தரமாகப் பதிந்துவிட்டால் மழையில்லாத நாளெல்லாம் எனக்கு வேலை உண்டு. எங்கள் மலைக்குப் பொறுப்பான கண்டக்கையா நேரடியாகவே சொல்லிவிட்டார்: "மூணு மாசம் வெட்டிக் காட்டு. பரிசோதன ஐயா வந்து பாத்து சரின்னா ஒம் பேரு பதிவாகும். மறுநாளே ஒம் புருசன புல்லுக்கு மாத்துறேன். காயம் நெறைய இருந்துச்சுன்னா ரெண்டு பேரும் இருக்கிற எடத்துலயே இருங்க."

ஆக, என் கத்தி முனையில் தொங்கியது என் பெயர் மட்டுமல்ல, அவருடைய நெஞ்சும்தான். நான் தலையை நிமிர்த்திச் சரி என்றேன். பிறவியிலேயே நான் இடது கைக்காரி என்பதை மட்டும் சொல்லவில்லை.

லட்சுமிக்குப் பிடிக்காத கை

கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். அங்கே யாரும் வலதா இடதா என்று பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் என் அம்மா இடது கையில் அடித்து அடித்து வலதுக்கு மாற்றினாள். மற்றபடி அரிவாள், ஊசி, துடைப்பம் எல்லாம் எனக்கு இடதுதான்.

இங்கே முதல் நாளே மாட்டிக்கொண்டேன். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். காலையில் முதல் மரத்தை வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கத்தி வைப்பார்கள். நானும் தொட்டேன், ஒற்றிக்கொண்டேன், கத்தியை இடது கையில் எடுத்தேன். சின்னையா கங்காணி பிரம்பால் என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினார்.

"பால் மரம் லச்சுமி புள்ள. பீச்சாங்கை பட்டுச்சுன்னா பால் வத்திப் போயிரும். சோத்துக்கையில புடி."

கங்காணி கெட்டவர் இல்லை. அவர் அதை மனதார நம்பினார். அந்த மலையில் எல்லோருமே நம்பினார்கள். கத்தியைப் பிடித்து ஆழம் பார்ப்பது வலது கை. இடது கை சும்மா துணைக்குத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான் அதற்கு உரிமை.

வலது கையால் வெட்டினேன். வெட்டினேன் என்று சொல்வது மரியாதைக்காக. கொத்தினேன் என்பதுதான் சரி. காயம் பட்ட மரத்துக்கெல்லாம் கங்காணி சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். ஒரு மாதத்தில் என் நிரை முழுக்க வெள்ளைக் கோடு. சோமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அனே நங்கி, ஒங்க மரத்துக்கெல்லாம் அம்ம போட்டிருக்கு!"

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பி, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவதைக் கேட்டபோது சிரிப்பு போய்விட்டது. இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

பள்ளத்தில் செய்த வேலை

என் நிரையின் கடைசியில் ஒரு பள்ளம். அட்டை மொய்க்கிற இடம், கங்காணி எட்டிப் பார்ப்பதோடு சரி. அங்கே பத்தொன்பது மரம். நான் செய்த தப்பு அங்கேதான்.

ரப்பர் வெட்டு எப்போதும் இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்கும். தோட்டம் முழுக்க, நாடு முழுக்க அப்படித்தான். அது வலது கைக்காரர்களின் வசதிக்காக வைத்த சாய்வு என்று நான் நினைத்தேன். கத்தரிக்கோலையும் அரிவாளையும் அவர்களுக்காகச் செய்கிறார்களே, அதுபோல. அப்படியானால் இடது கைக்காரி சாய்வைத் திருப்பிப் போட்டால் என்ன?

கத்தியின் வாயை மறுபக்கமாகக் கல்லில் தீட்டினேன். அந்தப் பத்தொன்பது மரத்திலும், வெட்டே படாத பின்பக்கப் பட்டையில், வலப்பக்கம் உயரத்தில் தொடங்கி இடப்பக்கம் இறக்கி, இடது கையால் வெட்டினேன். வெண்ணெயில் இழுத்த மாதிரி போயிற்று. ஒரு காயம் இல்லை.

புதுப்பட்டையில் கைவைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பின்னால் வரப்போகிற வருடங்களுக்காகக் காத்து வைத்திருக்கிற பட்டை அது. தெரிந்தேதான் செய்தேன். நல்லபடி வெட்டிக் காட்டிவிட்டால் ஒத்துக்கொள்வார்கள் என்று ஒரு திமிர்.

இரண்டு கிழமை கழிந்தது. வெட்டு அழகாக இருந்தது. சிரட்டை மட்டும் நிறையவில்லை. மற்ற மரங்களில் முழுச் சிரட்டை, பள்ளத்தில் பாதிச் சிரட்டை. புதுப்பட்டைதானே, போகப்போகக் கூடும் என்று பார்த்தேன். கூடவில்லை.

பீச்சாங்கை பட்டால் பால் வற்றும். கங்காணி சொன்னது அப்படியே காதில் ஒலித்தது. எதற்கும் பயப்படாதவள் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்கிறவள் நான். அடுத்த மூன்று நாளும் உண்மையாகவே பயந்தேன். கோயிலில் விழுந்து கும்பிட்டேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கையால்தான் வீட்டில் அவருக்குக் கசாயம் வைத்துக் கொடுத்தேன். அதிலும் ஏதாவது வற்றிப்போகுமோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

நாலாம் நாள் என் புத்தி திரும்பியது. கையின் மேல் பழி போடுகிறோமே, அந்தக் கையைக் கேட்டுப் பார்த்தோமா?

மூன்று மரங்களில் அதே தலைகீழ்ச் சாய்வை வலது கையால் வெட்டினேன். கொத்தலும் குதறலுமாகத்தான் வந்தது, போகட்டும். பால் எவ்வளவு? அதே பாதி. பிறகு வேறு மூன்று மரங்களில் முன்பக்கம் போய், எல்லோரும் வெட்டுகிற பழைய சாய்வில், கத்தியின் கழுத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பின்னால் பிடியில் வைத்து இழுக்க மட்டும் விட்டேன். ஆழம் பார்ப்பது இடது, இழுப்பது வலது.

பட்டை வெங்காயத் தோல் மாதிரிச் சுருண்டு வந்தது. பகலில் வந்து பார்த்தால் மூன்று சிரட்டையும் நிறைந்து விளிம்பில் நின்றது.

குறைந்தது கையால் இல்லை, சாய்வால்! மரம் தன் பால் நரம்பைச் சாய்வாகத்தான் வைத்திருக்கிறது. அதைக் குறுக்கே வெட்டுகிற சாய்வு ஒன்றுதான். அது யாருடைய கைக்காகவும் வைத்ததில்லை. அந்த மரத்தடியில் தனியாக நின்று நான் கைதட்டினேன். மேலேயிருந்து சோமா, "மொகத, மொகத?" என்று, என்ன ஆச்சு எனக் கத்தினாள். ஒன்றுமில்லை, அட்டை கடித்துவிட்டது என்றேன்.

பின்பக்க வெட்டை அன்றோடு விட்டேன். எல்லா மரத்திலும் சரியான சாய்வில், இடது கையால் ஆழம் பார்த்து வெட்டத் தொடங்கினேன். கங்காணி வரும் சத்தம் கேட்டால் கையை மாற்றிக்கொள்வேன். சுண்ணாம்புக் கோடு குறைந்தது. "பாத்தியா, சோத்துக்கை பழகிருச்சு" என்று அவர் பெருமைப்பட்டார். நானும் ஆமாங்க என்றேன். எத்தனையோ ஆமாங்க சொல்லியிருக்கிறேன், அதில் இதுவும் ஒன்று.

ஊசியும் உண்மையும்

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். பரிசோதனை ஐயா சத்தமில்லாமல் சரிவில் இறங்கி வந்துவிட்டார். கை மாற்ற எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

கங்காணி "நே" என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினால் அடுத்தது என்ன? "சரி, வலது கையால் வெட்டிக் காட்டு" என்பார். நான் கொத்துவேன். அதோடு கதை முடிந்தது. அதைவிட, சுத்தமான வெட்டு முழுவதையும் வெட்டிக் கொடுத்த கையை ஒளித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆமாங்க மாத்தயா, இடது கைதான்" என்றேன். சோமாவோடு பழகிய என் சிங்களத்தில்தான் சொன்னேன்.

கங்காணி தலையில் கைவைத்துக்கொண்டார். "பீச்சாங்கை பட்டா பால் கொறையும் மாத்தயா, நான் அப்பவே சொன்னேன்" என்று தமிழிலும் சிங்களத்திலும் கலந்து முறையிட்டார். ஐயா என் முகத்தைப் பார்த்தார். கங்காணி சொல்வது சரியா என்று கேட்டார்.

வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? காட்ட வேண்டும். காட்டினால் புதுப்பட்டையில் கைவைத்த குற்றமும் வெளியே வரும். வேலையை விட்டே நிறுத்தலாம். கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினேன். பிறகு, "கொறைஞ்சது கையால இல்லைங்க. கீழ பள்ளத்துக்கு வாங்க, காட்டுறேன்" என்றேன்.

பத்தொன்பது மரத்தையும் சுற்றிக் காட்டினேன். எதை எந்தக் கையால் வெட்டினேன், எதில் பால் எவ்வளவு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கங்காணிக்கு முகம் கறுத்துப் போயிற்று. ஐயா ஊசியை எடுத்து முன்பக்க வெட்டுகளில் தடிக்கு மேல் எவ்வளவு பட்டை மிஞ்சியிருக்கிறது என்று குத்திக் குத்திப் பார்த்தார். மரம் மரமாக மேலே ஏறினார். இருபது மரம் பார்த்திருப்பார்.

"இன்னொரு மரம் வெட்டு" என்றார்.

வெட்டினேன்.  அந்தக் கைக்கு அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் வேலை செய்ய அனுமதி கிடைத்திருந்தது. சுருண்டு விழுந்த பட்டையை ஐயா எடுத்து விரலுக்கிடையில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பழைய காயம் நிறைய. புதுக் காயம் இரண்டே இரண்டு" என்று கண்டக்கையாவுக்குச் சொல்லச் சொன்னார். "மரம் கையைப் பார்ப்பதில்லை, கங்காணி. சாய்வைத்தான் பார்க்கும். இந்தப் பெண் அதைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். பெயரைப் பதியலாம்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். "புதுப்பட்டையில் கைவைத்ததற்கு இன்றைக்கு அரைப்பேர்."

அரை நாள் சம்பளம் போயிற்று. நிரந்தர வெட்டுக்காரியாகப் பெயர் பதிந்த அன்றைக்கே அரைப்பேர் வாங்கியவள் அந்தத் தோட்டத்தில் நான் ஒருத்திதான். இன்றைக்கும் அதைப் பெருமையாகத்தான் சொல்வேன்.

புல்வெட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை

கண்டக்கையா சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலை ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில் என் பெயரை வெட்டுக்காரர்களோடும், "வேலு, புல்லு" என்று அவர் பெயரைப் பெண்கள் கூட்டத்தோடும் வாசித்தார்கள். "அண்ணே, சேலை கட்டிக்கிட்டு வரலியா?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அவர்களோடு நடந்தார். அதிலும் ஒரு தைரியம் வேண்டும்.

ஒரு மாதம் போயிருக்கும். இருமல் தணிந்திருந்தது. நான் மத்தியானம் வேலை முடிந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அவருக்குச் சோறு போடக் குனிந்தேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன புள்ள இது, இப்படி நாறுற?"

மரத்திலேயே உறைந்துபோன ஒட்டுப்பாலை உரித்து மடியில் கட்டிக்கொண்டு வருவோம். அது அழுகிய வாடை வீசும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. நான் வெட்டுக்குப் போன முதல் நாளிலிருந்து அப்படித்தான் நாறிக்கொண்டிருந்தேன். ஒருநாளும் அவர் முகம் சுளித்ததில்லை. பாசத்தில் பொறுத்துக்கொள்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, அத்தனை நாளும் அந்த மனிதருக்கு ஒரு வாசனையும் தெரிந்திருக்கவில்லை. புகை அவர் மூக்கைத் தின்று வைத்திருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

"நாறுறன்னு சொன்னேன். எதுக்குடி அழுற? குளிச்சிட்டு வா."

நான் குளிக்கப் போகவில்லை. அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.